கப்பல் பஸ்ஸும் முத்துச்சாமியின் காரும்

அன்புள்ள மகன் கணேசனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு சார் எழுதிய கடிதம் இல்லை இது. நானே உட்கார்ந்து என் கையால் எழுதுவது. மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் காபி ஆறிப்போகிறது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் முத வரியிலயா நிக்கீக? அதுக்குள்ள கப்பலு உலகத்தையே சுத்திட்டு வந்துரும்" என்கிறாள். சிரிக்கட்டும். எஸ்.டி.டி. பூத்தில் பேசினால் மீட்டர் ஓடுகிற பயத்தில் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. காகிதம் அப்படி விரட்டுவதில்லை. மில்லை விட்டு ஓய்வு பெற்ற பிறகு சாயங்கால வகுப்பில் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவனுக்கு, கடல் தாண்டி இருக்கிற மகனோடு நேராகப் பேச ஒரு வழி கிடைத்திருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை நானே படித்தேன். கல்யாணம் முடிந்த கையோடு, வரப்போகிற மருமகள் செல்வியையும் கப்பலுக்குக் கூட்டிப் போகப் போகிறாய் என்பதைப் படித்ததும் உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். செல்வி அந்த மேற்கிந்தியக் கடல் குவாதலூப் தீவில் இறங்கி, அத்தையும் மாமாவும் போன கோயிலுக்குத் தானும் வாடகைக் கார் பிடித்துப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். "கப்பல்காரர்கள் நடத்துகிற டூரில் மட்டும்தான் போக வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள்" என்றும் எழுதியிருந்தாய். உன் பயம் எனக்குத் தெரியும். ஆனால் போன வருடம் அந்தத் தீவில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். நாங்கள் நேரம் கழித்து வந்தோம் என்பது தெரியும். என்ன பார்த்தோம், எதனால் தாமதம் என்று நீ இதுவரை கேட்டதில்லை. லீவில் வந்திருந்தபோது அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விட்டாய். செல்விதான் உட்கார்ந்து கதை கதையாகக் கேட்டாள். ஆகவே முதலில் உனக்கு அதை எழுதிவிடுகிறேன். செல்விக்கு என்ன சொல்வது என்பது அதற்கப்புறம்.

நீ சமையல் வேலை பார்க்கிற சுற்றுலாக் கப்பலை முதல் முதலாகத் துறைமுகத்தில் பார்த்தபோது அது கப்பல் என்றே எனக்குப் படவில்லை. கரையில் கட்டிய பெரிய கட்டடம் என்று நினைத்து, "கப்பல் எங்கேடா நிக்கு?" என்று உன்னிடம் கேட்டேன். நான் வேலை பார்த்த மில்லில் எத்தனை ஷெட்டு உண்டோ அத்தனையையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலும் அந்த உயரம் வராது. அம்புட்டும் இரும்பு. அது தண்ணீரில் நிற்கிறது. நிற்பதோடு விடாமல் நகர்கிறது. நகர்வது உள்ளே இருக்கிறவனுக்குத் தெரிவதே இல்லை. அந்தக் கடலின் நிறத்தைச் சொல்ல நான் படித்த எழுத்து போதாது. கரை ஓரத்தில் கண்ணாடி போல, கொஞ்சம் தள்ளிக் கிளிப்பச்சை, அதற்கும் அப்பால் கருநீலம். நாங்கள் எங்கும் போனதாகவே தோன்றவில்லை. காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்தால் ஒரு தீவு வந்து எங்களுக்காகக் காத்து நின்றது. நம் ஊர் சஞ்சீவி மலையைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கடலில் இறக்கி வைத்தது போல ஒரு மலை, அதன் தலையில் மேகம். உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் தீவுகளில் நீ சொன்னபடி கப்பல் டூரிலேயே போனோம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நெஞ்சில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்கள். கொடி பிடித்த ஒரு பெண் முன்னால் நடந்தாள். குளிர் அடிக்கிற பஸ், மெத்தை சீட்டு. அருவியைக் காட்டினார்கள், பூந்தோட்டத்தைக் காட்டினார்கள், பொறவு ஒரு நகைக்கடை வாசலில் இறக்கிவிட்டு ரொம்ப நேரம் நின்றார்கள். உன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வார டூரிஸ்ட் பஸ்ஸ எல்லாம் பால்கோவா கடையில ஓரங்கட்டுவானே, அதே சோலிய இங்கயும் பாக்கான் பாருங்க" என்றாள். ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணினாள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வழி தவறிப்போனபோது பஸ் அவருக்காக நின்றது. பஸ்ஸுக்காகக் கப்பல் நின்றது. அன்றைக்குத்தான் நீ எங்களை உட்கார வைத்துச் சொன்னாய்: "நல்லாக் கேட்டுக்கோங்கப்பா. கப்பல் டூர் பஸ்ஸு எம்புட்டு லேட்டானாலும் கப்பல் நிக்கும். தனியாக் கார் பிடிச்சுப் போறவங்களுக்கு செத்த நேரம்கூட நிக்காது, ஏணிய எடுத்துருவான். நான் கையெழுத்துப் போட்டுத்தான் உங்களக் கூட்டியாந்திருக்கேன். நீங்க வராம கப்பல் போச்சுன்னா உங்களுக்கும் திண்டாட்டம், என் வேலையும் போயிரும்." நான் தலையை ஆட்டினேன். உன் அம்மாவும் ஆட்டினாள்.

ஆட்டினேனே தவிர, நான் முழுசாக நம்பவில்லை. அதற்குக் காரணம் நீதான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு புரட்டாசி சனிக்கிழமை, மில்லில் எல்லாரும் சேர்ந்து பஸ் பேசி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது உன்னைக் காணோம். மலையடிவாரத்தில் குரங்குகளுக்குப் பொரி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். வண்டியில் இருந்த அத்தனை பேரும் வெயிலில் வெந்துகொண்டு என்னைத் திட்டினார்கள். டிரைவர் மட்டும், "கூட்டியாந்த ஆள விட்டுட்டு வண்டி எடுக்க மாட்டேன்" என்று சாவியை மடியில் செருகிக்கொண்டார். எனக்குத் தெரிந்த வண்டி நியாயம் அதுதான். ஒருவன் வண்டியில் வந்தால் அந்த வண்டியில்தான் திரும்புவான். ஒரு வாடகை பஸ்ஸுக்கே அந்த ஈரம் இருந்தால், அரண்மனை மாதிரி இருக்கிற கப்பலுக்கு இருக்காதா என்று நினைத்தேன்.

குவாதலூப்பில் அன்றைக்குக் கப்பல் டூர் என்று இருந்தவை இரண்டுதான். ஒன்று எரிமலைக்கு ஏறுவது, இன்னொன்று கடலுக்குள் முங்கி மீன் பார்ப்பது. இரண்டும் எங்களுக்கு ஆகாது. "துறைமுக கேட்டு வரைக்கும் காலாற நடந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நீ சமையல்கட்டுக்குப் போய்விட்டாய். நானும் மேல்தட்டில் நாங்கள் உட்காருகிற சாய்வு நாற்காலியில் என் துண்டைப் போட்டுவிட்டு இறங்கினேன். கேட்டுக்கு வெளியே வாடகைக் கார்க்காரர்கள் கூட்டமாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மதுரை பஸ் வந்து நின்றதும் நம் ஊர் ஆட்டோக்காரர்கள் மொய்ப்பது போல. அவர்களில் ஒருவர் மட்டும் கூப்பிடவில்லை. உன் அம்மாவின் சேலையையும் நெற்றிப் பொட்டையும் பார்த்தபடி அப்படியே நின்றார். கறுத்த முகம், நரைத்த மீசை. "ஏங்க, நம்மூரு முடங்கியாறு ரோட்டுல லாரி ஓட்டுற ஆளு கணக்கால்ல இருக்காரு?" என்று உன் அம்மா என் காதில் சொன்னாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார். பேசியது ஒன்றும் எங்களுக்குப் புரியவில்லை. நெஞ்சில் தட்டிக்காட்டி, "முத்துச்சாமி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூமியின் இந்த மூலையில் ஒரு முத்துச்சாமி! அவர் காற்றில் கோபுரம் மாதிரி வரைந்து காட்டி, "மாரியம்மா" என்றார். தூரம் கொஞ்சம்தான் என்று விரலால் காட்டினார். உன் அம்மா கப்பலைக் காட்டி, திரும்பி வர வேண்டும் என்று சைகை செய்தாள். அவர் தன் கடிகாரத்தைத் தட்டித் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், நாங்கள் காரில் ஏறிவிட்டோம். எங்கள் பேச்சுவார்த்தை முழுவதும் அதுதான். யோசித்துப் பார்த்தால் உன் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசியபோதுகூட நாங்கள் இதைவிட அதிகம் விசாரித்தோம்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு, வாழை. நம் ஊருக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியம் வயல் வழியாகப் போகிற மாதிரியே இருந்தது; திடீரென்று ஒரு வளைவில் கடல் தெரியும்போதுதான் வேறு நாடு என்று நினைப்பு வரும். ஓட்டிக்கொண்டே முத்துச்சாமி கையால் கதை சொன்னார். பின்னால் பின்னால் என்று கையை வீசினார். அவருடைய தாத்தாவுக்கும் தாத்தா என்று புரிந்துகொண்டோம். கையை அலை மாதிரி ஆட்டினார், கப்பல். அரிவாளால் வெட்டுவது போலக் காட்டினார், கரும்பு. அப்புறம் திரும்பிப் போகிற மாதிரி ஒரு சைகையைத் தொடங்கி, பாதியில் கையைக் கீழே போட்டுவிட்டார். உன் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நம் பக்கத்து ஜனம் எந்த நம்பிக்கையில் அந்தக் கப்பலில் ஏறியதோ! நாங்கள் மகன் கொடுத்த சீட்டில் சொகுசாக வந்த அதே கடல்.

கோயில் சின்னதுதான். ஆனால் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் பூசி, வேப்பிலை கட்டி, சூலத்தில் எலுமிச்சம்பழம் குத்தி, நம் தெருக்கோடிக் கோயில் மாதிரி நின்றது. உள்ளே பூசாரி பாடிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒருவர் தப்பு அடித்தார். கணேசா, அது தமிழ். சொற்கள் தேய்ந்து, ராகம் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. அவருக்கே அர்த்தம் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அது நம் மாரியம்மன் பொங்கலுக்குப் பெண்கள் பாடுகிற அதே பாட்டு. உன் அம்மா தன்னை மறந்து அடுத்த அடியை எடுத்துப் பாடிவிட்டாள். தப்பு நின்றுவிட்டது. பூசாரி அப்படியே திரும்பி, அம்மனே வாய் திறந்த மாதிரி இவளைப் பார்த்தார். பொறவு மெல்லத் தன்னுடைய அடியைப் பாடினார். இவள் அடுத்ததைப் பாடினாள். அடுப்படியில் முணுமுணுக்கிற பாட்டு அங்கே கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஊறி வந்தது. இத்தனை வருடம் அவளோடு குடும்பம் நடத்துகிறேன், அப்படி ஒரு குரல் அவளுக்கு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இனிமேல்தான் தாமதத்தின் கதை. வாசல் மேலே ஒரு பலகை. அதில் தமிழ் எழுத்து. தலைமுறை தலைமுறையாகப் படிக்கத் தெரியாதவர்கள் அதன்மேலேயே சாயம் பூசிப் பூசி எழுத்தெல்லாம் கொடி மாதிரி வளைந்திருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கூட்டி, "மாரியம்மன் துணை" என்று படித்தேன். வகுப்பில் டீச்சர் காட்டியதையும், ஊரில் பஸ் பலகையையும் தவிர நான் பொது இடத்தில் படித்தது அதுதான். முத்துச்சாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுபடி படி என்று கையைக் காட்டினார். படித்தேன். ஓடிப்போய் எதிர் வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்தார், அவர்களுக்காகப் படித்தேன். கரும்புக் காட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு வந்தார். வந்த ஒவ்வொருவரும் அந்த எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்ட, நான் படிக்க, அவர்கள் திரும்பச் சொல்ல, எனக்கு மண்டை கனத்துப்போய்விட்டது. "போதும், வாத்தியாரய்யா! எறங்கி வாங்க" என்று உன் அம்மா கிண்டல் செய்தாள். நான் எங்கே கேட்டேன்? அப்புறம் வாழையிலை போட்டுச் சோறு வைத்தார்கள், குழம்பு ஊற்றினார்கள். மல்லி வாசனை நம் வீட்டு வாசனை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, நிழலு எங்கிட்டு விழுதுன்னு பாருங்க!" முத்துச்சாமி கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கார் பறந்தது. பாதி வழியில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. முன்னால் வரிசையாக வண்டிகள், பின்னாலும் வண்டிகள். கீழே தூரத்தில் கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. "நம்மள எண்ணிப் பாப்பாங்க. நாற்காலியில துண்டு வேற போட்டுருக்கேன்" என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "துண்டு போட்டா சீட்டு நிக்கும், கப்பலு நிக்குமா? பிள்ள தலையில மண்ணள்ளிப் போட்டுட்டோமே, அவன் கையெழுத்துப் போட்டிருக்கானே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரத்தில் எனக்கு அம்மனும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. நீ வேலை இல்லாமல் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற காட்சி மட்டும்தான் கண்ணில் நின்றது.

அழுதுகொண்டே வெளியே தலையை நீட்டியவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "ஏங்க, அங்க பாருங்க, கொக்கு!" வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய பஸ். அதன் முதுகில், உன் சமையல் சட்டைப் பையில் தைத்திருக்கிற அதே கம்பெனிக் கொக்குப் படம். எரிமலைக்குப் போன கப்பல் டூர் பஸ். அதுவும் எங்களைப் போல மாட்டிக்கொண்டு நின்றது. உன் அம்மா முத்துச்சாமியின் முதுகைத் தட்டி பஸ்ஸைக் காட்டினாள். "அத விட்ராதீக! அது இங்க நிக்கிற மட்டும் கப்பல் அங்க நிக்கும்." பாஷை தெரியாத மனிதர் அதைப் புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தார். லாரியை நகர்த்தியதும், தாய்ப்பசுவின் பின்னால் கன்றுக்குட்டி போகிற மாதிரி அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் வந்தார். ஏணி இன்னும் எடுக்கப்படவில்லை. பஸ்ஸில் வந்தவர்களை எண்ணி ஏற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். பஸ் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நாங்கள் கரையில்தான்.

மேலே வாசலில் நீ நின்றாய். "எங்கப்பா போனீக?" என்று ஒரே ஒரு கேள்வி. நான் பதில் சொல்வதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கோபம் என்று நினைத்தேன். ரூமுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் உன் அம்மா சொன்னாள்: "பிள்ள வெள்ளச் சட்டை போடல, கவனிச்சீகளா?" கவனித்திருந்தேன். வேலை நேரத்தில் நீ கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய். காலில் வெளியே போகிற பூட்ஸ். தோளில் உன் பெரிய பை. கையில் எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும், உன் அம்மாவின் பிரஷர் மாத்திரை டப்பாவும். எங்களைப் பார்த்ததும் பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாய். மறுநாள் அம்மா கேட்டதற்கு, "அதா? அழுக்குத் துணிம்மா, லாண்டரிக்கு" என்றாய். அவளும் நம்பின மாதிரி இருந்துவிட்டாள்.

கணேசா, நான் வண்டி நியாயத்தை நம்பிப் போனவன். கப்பல் எங்களுக்காக நின்றிருக்காது, எனக்கு இப்போது தெரியும். ஆனால் நீ இறங்கியிருப்பாய். பம்பாயில் ஏஜெண்ட் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து வாங்கிய வேலையை, கப்பலோடு அப்படியே போகவிட்டு, பாஷை தெரியாத கரையில் எங்களைத் தேடிக்கொண்டு நின்றிருப்பாய். அந்தக் கடலையும் மலையையும் கோயிலையும் பார்த்து மலைத்துப் போனவன் நான். அந்தப் பையை நினைத்தால் அதெல்லாம் சின்னதாகிவிடுகிறது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் கையால் எழுத வைக்கவும் முடியாது. எழுதக் கற்றுக்கொண்டதற்கு இந்த ஒரு பத்தி போதும்.

இனி செல்வி விஷயம். மற்ற தீவுகளில் எல்லாம் கப்பல் டூரிலேயே அனுப்பு. கூட்டம் உண்டு, எண்ணிப் பார்க்க ஆள் உண்டு, நேரமானாலும் காத்திருப்பார்கள். நகைக்கடையில் மட்டும் அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். அந்த ஒரு தீவில் அவள் ஆசைப்படி கோயிலுக்குப் போகட்டும். எந்த டூர்க்காரனும் அங்கே கூட்டிப் போக மாட்டான். காலையில் முதல் ஆளாக இறங்கச் சொல். எரிமலைக்குப் போகிற பஸ் திரும்புவதற்கு ரொம்ப முன்னாலேயே கோயிலை விட்டுக் கிளம்ப வேண்டும், வாழையிலை போட்டாலும் சரி. முத்துச்சாமி அதே கேட்டில்தான் நிற்பார், சேலை கட்டிப் போகச் சொல்.

ஆனால் அவளைத் தனியாக அனுப்பாதே. மேலதிகாரியிடம் அன்றைக்கு லீவு கேட்டு நீயும் கூடப் போ. எத்தனையோ முறை அந்தத் தீவுக்குப் போயும் அடுப்பைத் தவிர ஒன்றையும் பார்க்காதவன் நீ. எங்களுக்காக இறங்கத் துணிந்த கரைதானே அது. இந்த முறை பையை எடுக்காமல் இறங்கு.

அன்புடன்,
அப்பா